இழுத்துவிட்ட கை

அத்தியாயம் ஐந்து

"இவதான் பண்ணினா. இதுக்கு மேல என்ன துப்பு வேணும் உங்களுக்கு?"

கேட்டுவிட்டு மேனேஜர், முதலாளியின் மேஜையில் இருந்த ஒரு தாளை நேராக்கினார். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

கண்ணாடித் தடுப்பு போட்ட அந்தச் சின்ன அறைக்குள் ஐந்து பேர். சுழல் நாற்காலியில் முதலாளி. அவர் பக்கத்தில், அவர் மனைவியின் தம்பி என்ற ஒரே தகுதியில் மேனேஜர் ஆன மேனேஜர். எதிரே, துப்பறிய வந்திருந்த கொக்கியும் அவள் கொழுந்தன் லொள்ளுவும். கதவோரம், யாரும் உட்காரச் சொல்லாததால் நின்றுகொண்டிருந்த டிசைனர் பெண்.

கொக்கி என்பது வீட்டில் வைத்த பெயரில்லை. யார் என்ன சொன்னாலும் அதன் வாலில் ஒரு கேள்வியை மாட்டித் தொங்கவிடுவாள் என்பதால் வந்த பெயர். லொள்ளுவின் பெயருக்குக் காரணம் அவன் வாயைத் திறந்ததும் தெரிந்துவிடும்.

"துப்பு போதும் சார். உக்கார ஒரு நாற்காலி வேணும், அந்தப் பொண்ணுக்கு. கால் வலிச்சா உண்மை வெளிய வராது, வலிதான் வரும்," என்றான் லொள்ளு.

முதலாளி தலையசைக்க, நாற்காலி வந்தது. டிசைனர் உட்காரவில்லை. உட்கார்ந்தால் அவர்கள் தயவில் உட்கார்ந்ததாகிவிடும் என்று நினைக்கிற ரகம்.

"முதல்ல இருந்து சொல்லுங்க," என்றாள் கொக்கி.

மேனேஜர் சொன்னார். இந்த ஆபீஸ் பெட்டிகளுக்கு டிசைன் போடுகிற ஆபீஸ். பற்பசைப் பெட்டி, மாத்திரைப் பெட்டி, இப்போது ஒரு புதிய சோப்புப் பெட்டி. டிசைனர் முதலில் ஒன்று வரைந்தாள். வெள்ளைப் பெட்டி, அதில் ஒரே ஒரு நுரைக் குமிழி. மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. தங்க பார்டர் வேண்டும், மூலைக்கு ஒரு நட்சத்திரம் வேண்டும், பின்னால் சூரியக் கதிர் வேண்டும் என்றார். முணுமுணுத்துக்கொண்டே செய்தாள். நேற்று மத்தியானம் அது முடிந்து அச்சகத்துக்குப் போயிருக்க வேண்டும். இன்று சாயங்காலம் அச்சு இயந்திரம் இந்த வேலைக்காகக் காத்திருக்கும். தவறவிட்டால் சோப்புக் கம்பெனி வேறு ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும்.

"காலைல அச்சகத்துல இருந்து ஃபோன். தங்க பார்டர் வரவே இல்ல. வந்ததெல்லாம் இவளோட குமிழி. போய்ப் பாத்தா, என் டிசைனை அழிச்சுட்டு, நான் வேணாம்னு தள்ளினதை அனுப்பியிருக்கா. அழிச்சது இவ கம்ப்யூட்டர்ல, இவ சீட்ல இவ உக்காந்திருந்தப்ப. நாங்க எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம். நன்றிகெட்டவ."

கடைசிச் சொல்லை அவர் இன்று சொல்வது முதல் தடவை இல்லை. காலையில் ஆபீஸ் நடுவில் நின்று, எல்லா மேஜைக்கும் கேட்கிற மாதிரி ஒருமுறை சொல்லி முடித்திருந்தார்.

"அழிச்சது குப்பைத்தொட்டியிலதானே கிடக்கும்? எடுத்துக்கலாமே?" என்றாள் கொக்கி.

"தொட்டியை நான் தினமும் காலி பண்ணிடுவேன். ஆபீஸ் மூடறதுக்கு முன்னாடி எல்லா கம்ப்யூட்டரையும் சுத்தம் பண்ணிட்டுத்தான் கிளம்புவேன். எனக்கு ஒழுங்கு முக்கியம்."

"வேற எதுக்காவது இவங்க கம்ப்யூட்டரைத் தொட்டிருக்கீங்களா?"

"நான் எதுக்குத் தொடறேன்? அதைப் பாத்தாலே எனக்குத் தலை சுத்தும். ஐகானெல்லாம் யாரோ வாரி இறைச்ச மாதிரி கிடக்கும். வீட்ல முதல் தடவையா ஒருத்தி காலேஜ் போயிட்டா இப்படித்தான், மேடம். ஒழுங்கும் வராது, பெரியவங்க சொன்னா கேக்கவும் தோணாது."

பரம்பரையே படித்த குடும்பத்தில் பிறந்த மேனேஜர் இன்னும் இரண்டு பேப்பர் பாக்கி வைத்திருக்கிறார் என்பது ஆபீஸுக்கே தெரியும். அதை அங்கே யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்குத்தான் பண்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

முதலாளி தொண்டையைச் செருமினார். "இன்னிக்கு ஆபீஸ் மூடறதுக்குள்ள முடிவு தெரியணும்மா. அவளை அனுப்பறதுன்னா காரணம் சுத்தமா இருக்கணும். வெளியாள் ஒருத்தர் பாத்துச் சொன்னா நல்லதுன்னு மாப்ளதான் உங்களைக் கூப்பிட்டான்."

"அனுப்பினா எப்படி அனுப்புவீங்க?"

"வேணும்னே கெடுத்தான்னு சொல்லித்தான்," என்றார் மேனேஜர். "இந்தத் தொழில்ல எல்லா ஆபீஸும் எனக்குத் தெரியும். ஆளுக்கு ஒரு ஃபோன். அப்புறம் இவ பெட்டிக்கு டிசைன் போட முடியாது, பெட்டிதான் ஒட்டணும்."

கொக்கி திரும்பி டிசைனரைப் பார்த்தாள். "நீ அழிச்சியாம்மா?"

"இல்ல."

"உன் குமிழியை நீ அனுப்பினியா?"

"இல்ல."

"அப்ப அது எப்படிப் போச்சு?"

டிசைனர் வாயைத் திறந்தாள். மேனேஜரைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"பாத்தீங்களா," என்றார் மேனேஜர்.

"பாத்தேன். ஏன் உங்களைப் பாத்துட்டு மூடினா?" என்று கொக்கி மாட்டினாள்.

---

டிசைனரின் மேஜை ஆபீஸின் பின்சுவரை ஒட்டி இருந்தது. அங்கே உட்கார்ந்து நிமிர்ந்தால் மொத்த ஆபீஸும் எதிரே விரிந்து கிடக்கும். கொக்கி அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். லொள்ளு அவள் தோளுக்குப் பின்னால் நின்று திரையை எட்டிப் பார்த்தான்.

சாம்பல் நிறத் திரை. படம் ஒன்றும் கிடையாது. ஐகான்கள் மட்டும், வரிசை கட்டாமல், ஆளுக்கொரு மூலையில்.

"மேனேஜர் சொன்னது பொய்யில்ல அண்ணி. கல்யாண வீட்ல சண்டை நடந்து கலைஞ்ச கூட்டம் மாதிரி இருக்கு."

"அச்சகத்துக்கு ஃபைல் எப்படிப் போகும்?" என்று கொக்கி பக்கத்தில் நின்ற டிசைனரைக் கேட்டாள்.

"டெலிவரின்னு ஒரு ஃபோல்டர் இருக்கு அக்கா. முடிஞ்ச ஃபைலை மவுஸால இழுத்து அதுமேல விட்டா போதும். அச்சகத்துல இருக்கற கம்ப்யூட்டருக்குத் தானாப் போயிடும்."

"வேண்டாததை?"

"அதையும் இழுத்து குப்பைத்தொட்டி மேல விட்டுடுவேன். ஒரு வேலை முடிஞ்சா பழசையெல்லாம் உடனே தூக்கிடுவேன். இல்லேன்னா அடுத்த வேலை ஓடாது எனக்கு."

"விடறப்ப, நிச்சயமா அழிக்கவான்னு கேக்காதா?"

"அதை எடுத்துவிட்டுட்டேன். எதுக்கெடுத்தாலும் நிச்சயமா, நிச்சயமான்னு."

"எங்க மாமியார் மாதிரி," என்றாள் கொக்கி.

"அண்ணி, அது எங்கம்மா."

"தெரியும். அதான் உனக்குக் கேக்கற மாதிரி சொன்னேன். அச்சகத்துக்கு ஃபோனைப் போடு."

அச்சக ஆபரேட்டர் பின்னணியில் இயந்திரம் ஓட ஓடக் கத்திப் பேசினார். லொள்ளு ஸ்பீக்கரை அழுத்தினான்.

"நேத்து மத்தியானம் இங்கிருந்து என்னென்ன வந்துச்சுண்ணே?" என்றாள் கொக்கி.

"அதை ஏங்க கேக்கறீங்க. ஒரு சோப்புப் பெட்டி வந்துச்சு, வெள்ளையா, குமிழி போட்டு. அதோட ஒரு பஸ் டைம் டேபிள். அறுந்த செருப்பு ஒண்ணோட ஃபோட்டோ. பாதி வரைஞ்ச பாட்டில். அப்புறம் ஒரு கழுதை."

"கழுதையா?"

"கழுதைதாங்க. கழுத்தைச் சுத்தி தங்க பார்டர். மூலைக்கு மூலை நட்சத்திரம். பின்னாடி சூரியக் கதிர் வேற. பெட்டியோட உள்பக்கம் அச்சடிக்கணுமோன்னு நெனச்சேன்."

லொள்ளு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் தோள்கள் குலுங்கின. டிசைனர் தரையைப் பார்த்தாள். காது மடல் சிவந்திருந்தது.

"இதையெல்லாம் யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"சொல்ல வேண்டியதையெல்லாம் காலைலயே உங்க மேனேஜர்கிட்ட சொல்லிட்டேங்க. மெஷின் கூப்பிடுது, வெக்கறேன்."

லொள்ளு திரும்பினான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அண்ணி, கேஸ் முடிஞ்சுது. தன்னோட டிசைனைத் திருட்டுத்தனமா அனுப்பறவ அதை மட்டும் அனுப்புவா. கூடவே அறுந்த செருப்பையும் கழுதையையும் எதுக்கு அனுப்பறா?"

"அதாவது?"

"குப்பைக்குப் போக வேண்டியது மொத்தமா அச்சகத்துக்குப் போயிருக்கு. அச்சகத்துக்குப் போக வேண்டியது குப்பைக்குப் போயிருக்கு."

"பாதி பாஸ். கழுதையைத் தொட்டிக்குள்ள போட நெனச்ச பொண்ணு, தொட்டி எது, டெலிவரி எதுன்னு பாக்காம ஏன் போட்டா? ரெண்டும் திரையிலதானே இருக்கு?"

கொக்கி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை நிமிர்ந்து ஆபீஸைப் பார்த்தாள். மறுபடி திரை. மறுபடி ஆபீஸ்.

"தம்பி, கொஞ்சம் நடந்து போ. அந்த நடு வழியில. இன்னும் போ. இப்ப இடது பக்கம்."

"எதுக்கு?"

"போன்னா போ. இன்னும் ஒரு அடி. பின்னாடி வா. அங்கயே நில்லு."

"என்ன அண்ணி, மவுஸால இழுக்கற மாதிரி இழுக்கறீங்க?"

"இப்ப உன் பக்கத்துல என்ன இருக்கு?"

"கணக்குப் பாக்கற அக்கா. முறைக்கறாங்க."

"திரையில அந்த இடத்துல கால்குலேட்டர் இருக்கு. வலது பக்கம் போ. சுவரோரம்."

"தண்ணி கேன்."

கொக்கி அந்த ஐகானைத் திறந்தாள். பாட்டு ஃபோல்டர். டிசைனரைத் திரும்பிப் பார்த்தாள்.

"தண்ணி பிடிக்கப் போறப்பதான் ஹெட்ஃபோன் மாட்டுவேன்," என்றாள் டிசைனர் மெல்ல. ஒளிக்க இனி ஒன்றுமில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. "ஆமா அக்கா. இந்த ஆபீஸைத்தான் அப்படியே வெச்சிருக்கேன். சேர்ந்த புதுசுல எந்த ஃபைல் எங்கன்னு ஞாபகமே நிக்காது. யாரும் சொல்லித் தரவும் மாட்டாங்க. அதான் ஒவ்வொண்ணையா இழுத்து, அதுக்குத் தோதான ஆளோட இடத்துல போட்டேன். பிரிண்டர் இருக்கற இடத்துல பிரிண்டர். நான் உக்கார்ற இடத்துல டிசைன் போடற சாஃப்ட்வேர். இப்ப கண்ணே வேண்டாம். கை தானாப் போகும்."

"டெலிவரி?"

"வாசல்ல. வெளிய போறது வாசல் வழியாத்தானே போகணும்."

கொக்கி திரையின் கீழ் வலது மூலையைப் பார்த்தாள். ஆபீஸின் வாசல் அங்கேதான். ஆனால் திரையில் அந்த இடத்தில் இருந்தது டெலிவரி இல்லை. குப்பைத்தொட்டி.

டெலிவரி ஃபோல்டர் இடது பக்கம் மேலே, ஜன்னலோரம் இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் ஆபீஸில் அந்த இடத்தில் தோல் உறை போட்ட ஒரு நாற்காலி. முதுகில் சட்டமாக மடித்த ஒரு துண்டு.

லொள்ளு அங்கிருந்தே கேட்டான். "அண்ணி, நான் இப்ப மேனேஜர் நாற்காலிக்கு இழுக்கப்படணுமா?"

"நீ இங்க வா." கொக்கி குரலைத் தணித்தாள். "அங்க முன்னாடி என்ன இருந்துச்சும்மா?"

டிசைனர் சுற்றிலும் பார்த்தாள். பிறகு சொல்லிவிட்டாள்.

"குப்பைத்தொட்டி."

வந்து சேர்ந்த லொள்ளு அந்த ஒரு வார்த்தைக்காக ஒரு கும்பிடு போட்டான்.

"இதையா காலைல இருந்து சொல்லாம முழுங்கிட்டு நின்ன?" என்றாள் கொக்கி.

"எப்படி அக்கா சொல்றது? உங்க மச்சினனோட சீட்லதான் சார் குப்பைத்தொட்டியை வெச்சிருந்தேன்னு முதலாளிகிட்ட சொல்லவா? அழிச்சதுக்கு வேலை போறதுக்குப் பதிலா இதுக்குப் போகும். எப்படியும் போகுது. எங்கப்பா மூட்டை தூக்கி என்னைப் படிக்க வெச்சாரு. வேலைக்கு வெச்சிருக்காங்கன்னு தெருவெல்லாம் சொல்லி வெச்சிருக்காரு. வேணும்னே கெடுத்தவன்னு பேர் வாங்கிட்டுப் போய் அவர் முன்னாடி எப்படி நிக்கறது?"

"நேத்து தொட்டி இடம் மாறினதை நீ பாக்கலியா?"

"திரையில ஃபைல் லிஸ்ட்டைப் பெருசாத் திறந்து வெச்சிருந்தேன். ஐகான் இருக்கற ரெண்டு ஓரம்தான் லேசாத் தெரிஞ்சுது, பழக்கத்துல அதையும் பாக்கல. காதுல ஃபோன், சோப்புக் கம்பெனிக்காரர் பேசிட்டிருந்தார். வலது கீழ ஒரு இழுப்பு, இடது மேல நாலஞ்சு இழுப்பு. முடிஞ்சதுன்னு எழுந்துட்டேன்."

"இது ஆபீஸோட படம்னு வேற யாருக்குத் தெரியும்?"

"கணக்கு அக்காகிட்ட மட்டும் சொல்லியிருக்கேன். சாப்பாட்டு மேஜையில."

"சாப்பாட்டு மேஜைக்குப் பின்னாடி என்ன இருக்கு?" என்றாள் கொக்கி.

லொள்ளு திரும்பிப் பார்த்தான். சாப்பாட்டு மேஜைக்குப் பின்னால் ஒரு மரத் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் தோல் நாற்காலி.

"அண்ணி, நம்மைக் கூப்பிட்டதே அந்த ஆளு. கூப்பிட்ட ஆளையே பிடிச்சுக் குடுத்தா அடுத்த கேஸுக்கு யாரு கூப்பிடுவா?"

"வீட்ல உங்கண்ணன் காணாமப் போன சாக்ஸைத் தேடச் சொல்லி தினமும் கூப்பிடறாரே, போதாதா? சந்தேகம் மட்டும் வெச்சு ஆளைப் பிடிக்க முடியாது. அவர் வாயால வரணும்."

---

கண்ணாடி அறையில் முதலாளி எதிலோ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் வலது கைப்பக்கம் பேனாக் குவளை. இடது கைப்பக்கம் தண்ணீர் டம்ளர். கொக்கி உள்ளே வந்து மேஜையோரம் சாய்ந்து நின்றாள். மேனேஜர் பின்னாலேயே வந்தார்.

"சார், அழிச்சது அந்தப் பொண்ணோட கைதான்," என்றாள் கொக்கி.

மேனேஜரின் முகம் பூத்தது. "நான் சொல்லல?"

"கைதான்னு சொன்னேன். பொண்ணுன்னு சொல்லல."

"ரெண்டும் வேற வேறயா?" என்றார் முதலாளி, அவளைப் பார்த்தபடி. கையெழுத்து முடிந்திருந்தது. பேனாவைக் கொண்டுபோய் வழக்கமான இடத்தில் வைத்தார்.

தண்ணீருக்குள் மை ஒரு நூலாக இறங்கியது.

முதலாளி குனிந்து டம்ளரைப் பார்த்தார். பேனாக் குவளை இடது பக்கத்தில் இருந்தது. இரண்டையும் மாற்றிவைத்த கொக்கியின் கை அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"பேனாவைத் தண்ணியில போட்டது யாரு சார்?"

"நான்... என் கை..."

"உங்க கைதான். நாங்க எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம். வேணும்னேவா போட்டீங்க?"

முதலாளிக்குச் சிரிப்பு வந்தது. மேனேஜரின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். "அவ கம்ப்யூட்டர்ல யாரோ இடத்தை மாத்தி வெச்சிருக்காங்கங்கறீங்க."

"வந்து பாருங்க. மேனேஜர் சார், நீங்களும் வாங்க. ஒழுங்கு தெரிஞ்ச ஆளு நீங்கதான்."

டிசைனரின் மேஜையைச் சுற்றி எல்லாரும் நின்றார்கள். கணக்கு அக்கா கால்குலேட்டரைத் தட்டுவதை நிறுத்திவிட்டுக் காதை மட்டும் இங்கே அனுப்பினாள். கொக்கி மவுஸைப் பிடித்தாள்.

"இந்த ஐகானெல்லாம் ஒரே குழப்பமா இருக்குன்னு சார் சொன்னாரு. எனக்கும் அப்படித்தான் தோணுது. அதுவும் இந்தக் குப்பைத்தொட்டி, கீழ மூலையில எடுப்பாவே இல்ல. நல்ல இடமாப் பாத்து வெச்சுடலாமா?"

தொட்டியைப் பிடித்து மேலே இழுத்தாள். இடது பக்கம், ஜன்னலோரமாகக் கொண்டுபோனாள். விடாமல் அங்கேயே ஆட்டினாள்.

மேனேஜர் இருமினார். "அங்க வேணாம் மேடம். அங்க ஏற்கெனவே ஒண்ணு இருக்கு."

"ஆமா, நெரிசல். அப்ப காலியா இருக்கற இடமாப் பாப்போம்." தொட்டி திரையின் மேற்பகுதியில் வலது பக்கமாக நகர்ந்தது. பாட்டைத் தாண்டி, பிரிண்டரைத் தாண்டி, ஒன்றுமே இல்லாத வலது மேல் மூலைக்குப் போனது. "இது பரவால்ல. விசாலமா இருக்கு. வெச்சிடறேன்."

மேனேஜரின் கை தன்னையறியாமல் மவுஸை நோக்கி நீண்டது. "அய்யய்யோ, அங்க வேணவே வேணாம்."

"ஏன் மாப்ள? அங்கதான் ஒண்ணுமே இல்லியே?" என்றார் முதலாளி.

அக்காள் புருஷன் கேட்டால் மேனேஜருக்கு விசுவாசம் யோசனையை முந்திக்கொண்டு வரும். பல வருடப் பழக்கம்.

"உங்க ரூம் மாமா அது."

சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது.

லொள்ளு கொஞ்சம் குனிந்து திரையை உற்றுப் பார்த்தான். பிறகு கண்ணாடி அறையைப் பார்த்தான். பிறகு மேனேஜரின் காதோரம் பணிவாகச் சொன்னான். "சார், இது கம்ப்யூட்டர். உங்க மாமாவோட ரூம் அதோ அங்க இருக்கு."

"வாரி இறைச்ச மாதிரி கிடக்குதுன்னீங்க. அதுல சாரோட ரூம் எதுன்னு எப்படித் தெரியும்?" என்றாள் கொக்கி.

மேனேஜர் மூன்று முகங்களை மாறி மாறிப் பார்த்தார். தப்பிக்க வழி தெரியாதபோது சிலர் கோபப்படுவார்கள். அவர் அந்த வகை.

"பின்ன என்ன மாமா? குப்பைத்தொட்டியை என் சீட்ல வெச்சிருந்தா இவ. என் சீட்ல. சாப்பாட்டு மேஜையில சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க, நான் கேட்டேன். எனக்கு மரியாதை கிடையாதா? நேத்து இவ சாப்பிடப் போனப்ப எடுத்து வாசல்ல போட்டேன். வாசல்ல இருந்ததை என் இடத்துக்குக் கொண்டுவந்தேன். அவ்வளவுதான் பண்ணினேன். ஃபைலை நான் தொடக்கூட இல்ல."

"தொட்டியைக் காலி பண்ணினியே."

"அது தினமும் பண்றதுதானே மாமா."

"காலைல ஃபைல் இல்லேன்னதும் உனக்கு விஷயம் புரிஞ்சிருக்குமே. அப்பவே சொல்றதுக்கென்ன?"

மேனேஜர் தரையைப் பார்த்தார். "சொன்னா, தொட்டி முன்னாடி எங்க இருந்துச்சுன்னும் சொல்லணுமே."

டிசைனர் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். காலையிலிருந்து இரண்டு பேரும் ஒரே காரணத்துக்காக வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். ஒரே வித்தியாசம், அவள் மூடியதால் போக இருந்தது அவள் வேலை. அவர் மூடியதால் போக இருந்ததும் அவள் வேலை.

"இன்னும் ஒண்ணு பாக்கி," என்றாள் கொக்கி. "அச்சகத்துக்காரர், சொல்ல வேண்டியதையெல்லாம் மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன்னாரு. கழுதையைத்தான் சொல்றாருன்னு நெனச்சேன். ஆனா கழுதையைக் கேட்டிருந்தா சார் காலைலயே எல்லார்கிட்டயும் சொல்லிக் குதிச்சிருப்பாரு. அப்ப வேற என்ன சொன்னாரு?"

"என்ன கழுதை?" என்றார் மேனேஜர்.

"அப்புறம் காட்டறேன் சார், உங்களை மாதிரியே இருக்கும்," என்றான் லொள்ளு. ஃபோனை முதலாளியின் கையில் கொடுத்தான்.

முதலாளி ஃபோனைக் கொஞ்ச நேரம் புதுப் பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அச்சகத்தோடு பேசுவது எப்போதும் மாப்பிள்ளையின் வேலை. பிறகு தானே எண்ணை அழுத்தினார். ஸ்பீக்கரில் இயந்திரச் சத்தம் வந்தது.

"காலைல எங்க மேனேஜர்கிட்ட என்னப்பா சொன்ன?"

"அதாங்க, சோப்புக் கம்பெனி முதலாளி வந்துட்டுப் போனாரு. என் திரையில அந்தக் குமிழிப் பெட்டி திறந்து கிடந்துச்சு. பாத்துட்டு, இதுதானே, பிரமாதமா இருக்கே, இதையே அடிச்சிடுங்கன்னாரு. அப்படியே சொன்னேன். அது தப்பான ஃபைல், நான் பாத்துக்கறேன், யார்கிட்டயும் பேசாதீங்கன்னு மேனேஜர் வெச்சுட்டாரு."

முதலாளி மாப்பிள்ளையின் பக்கம் திரும்பவில்லை. திரும்பாததைப் பார்த்து மேனேஜர் இரண்டடி பின்னால் போனார்.

"அந்தக் குமிழியை எனக்குக் காட்டும்மா," என்றார் முதலாளி டிசைனரிடம்.

டெலிவரி ஃபோல்டரிலிருந்து எடுத்துக் காட்டினாள். வெள்ளைப் பெட்டி. ஒரு குமிழி. அதன் வளைவில் ஜன்னல் ஒன்றின் வெளிச்சம். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"இதை ஏன் என்கிட்ட கொண்டுவரல?"

"உங்ககிட்ட நேரா வரக்கூடாதுன்னு மேனேஜர் சார் சொல்லியிருக்கார்."

முதலாளி திரையின் வலது மேல் மூலையைக் காட்டினார். "இது என் ரூம்னா, ஏன் இங்க ஒண்ணும் வெக்கல? குப்பைத்தொட்டியாவது வெச்சிருக்கலாமே?"

"எதை வெக்கறதுன்னு தெரியல சார். அங்க இருந்து நீங்க எதையும் பண்ணி நான் பாத்ததில்ல."

கணக்கு அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். இப்படிப் பேசினால் வேலை போகும் என்று ஆபீஸில் எல்லாருக்கும் தெரியும். டிசைனருக்கும் தெரியும். ஆனால் காலையிலிருந்து போன வேலையோடுதான் நின்றுகொண்டிருந்தாள். இன்னொரு தடவை போக அதில் ஒன்றும் மிச்சமில்லை.

முதலாளியின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. கோபமா, வெட்கமா என்று லொள்ளுவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"தொட்டி எங்க இருந்துச்சோ அங்கயே கொண்டுபோய் வெச்சுடும்மா," என்றார்.

"மாமா..."

"நீ பேசாத மாப்ள."

டிசைனர் உட்கார்ந்தாள். தொட்டி ஜன்னலோரத்துக்குப் போனது. டெலிவரி வாசலுக்கு வந்தது.

ஸ்பீக்கரில் ஆபரேட்டர் கத்தினார். "யாராவது லைன்ல இருக்கீங்களா? அந்தக் குமிழியை மட்டும் தனியா அனுப்பிடுங்க. செருப்போட கழுதையோட கலந்து கிடக்குது, மெஷின்ல எதையாவது மாத்திப் போட்டுடப்போறேன். ஆள் நிக்குது."

"அனுப்பும்மா. இனிமே டிசைன் எதுவானாலும் நேரா என்கிட்ட வா," என்றார் முதலாளி.

டிசைனர் குமிழியைப் பிடித்தாள். இழுத்தாள். வலது கீழ் மூலைக்குக் கொண்டுவந்து, டெலிவரி ஃபோல்டரின் மேல் நிறுத்தினாள். ஃபோல்டர் நீலமாக மின்னி, விடு என்று காத்திருந்தது.

அவள் விடவில்லை. மவுஸின் பட்டனை அழுத்தியபடியே நாற்காலியைத் திருப்பினாள்.

"சார்."

மேனேஜர் தன்னைத்தான் என்று புரிந்து விழித்தார்.

"காலைல ஆபீஸ் நடுவுல நின்னு நன்றிகெட்டவன்னு சொன்னீங்க. வாங்கின சம்பளத்துக்கு வேலை பாத்திருக்கேன். நன்றி எங்க இருந்து வந்துச்சு? அது தப்புன்னு சொல்லுங்க. அதே இடத்துல நின்னு, அதே சத்தத்துல."

"அனுப்பு முதல்ல. அதையெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

"அப்புறம் பேசினா இந்த நாலு சுவருக்குள்ள பேசுவீங்க. மத்த ஆபீஸுக்கெல்லாம் ஃபோன் போயிடும். என் விரல் இப்ப இந்தப் பட்டன் மேலதான் இருக்கு. வலிச்சா எங்க விடுவேன்னு தெரியாது."

மேனேஜர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி மின்விசிறியைப் பார்த்தார். மின்விசிறி யாரையும் பார்க்கவில்லை.

"இன்னும் வரலியே," என்றது ஸ்பீக்கர்.

மேனேஜர் நடந்தார். மேஜைகளுக்கு நடுவில் போய் நின்றார். எதையாவது நேராக்கக் கை தேடியது. பக்கத்தில் ஒன்றும் இல்லை. உதட்டுக்குள் என்னவோ சொன்னார்.

"பின்வரிசைக்குக் கேக்கல சார்," என்றான் லொள்ளு. கொக்கி அவன் காலை மிதித்தாள், ஆனால் மெதுவாகத்தான்.

"நான் சொன்னது தப்பு. ஃபைல் போனதுக்குக் காரணம் நான்தான். அவ இல்ல. மன்னிச்சுடு." இந்த முறை கணக்கு அக்காவுக்குக் கேட்டது, தண்ணீர் கேன் பக்கம் நின்றவனுக்குக் கேட்டது, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த கூரியர்காரனுக்கும் கேட்டது.

டிசைனர் ஃபோன் பக்கம் குனிந்தாள்.

"அண்ணே, அங்க கேட்டுச்சா?"

"தெளிவாக் கேட்டுச்சும்மா."

அவள் திரையைப் பார்த்தாள். ஃபோல்டரின் பெயரை ஒருமுறை நிதானமாகப் படித்தாள். விரலை எடுத்தாள்.